பெர்லின் ட்ரெசோர்: "லைவ்"னு போட்டிருக்கற ராத்திரியா பாத்து போங்க

பெர்லின் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, கிளப் பக்கமே போகல. பயம்னு இல்ல, ஆட பிடிக்காதுன்னும் இல்ல, யாரோ பண்ணி வெச்ச மியூசிக்க இன்னொருத்தர் போட, அத கேக்க எதுக்கு ராத்திரி ஒரு மணிக்கு குளிர்ல லைன்ல நிக்கணும்னு ஒரு எண்ணம், அவ்ளோதான். சின்ன வயசுல ஆறு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவ நான். கண்ணு முன்னாடி ஒருத்தர் வாசிக்கணும், அவர் அடுத்து என்ன பண்ணப் போறார்னு நாம காத்துட்டு இருக்கணும், எனக்கு அது தான் கச்சேரி. போன மாசம் ஒரு சனிக்கிழமை ட்ரெசோர்ங்கற கிளப்புக்கு போயிட்டு வந்தேன், இந்த எண்ணத்த மாத்திக்க வேண்டியதாயிடுச்சு, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

கூட்டிட்டு போனது பக்கத்து ஃப்ளாட் அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவங்க இங்கயே பொறந்து வளந்தவங்க, இருபது வருஷமா டெக்னோ (மெஷின்ல பண்ற, நேர் தாளத்துல ஓடற டான்ஸ் மியூசிக்) கேக்கறாங்க. அதுக்கு முந்தின வாரம் தான் வேற ஒரு கிளப்புக்கு ரெண்டு பேரும் போய் ரெண்டு மணி நேரம் லைன்ல நின்னு, வாசல்ல நின்னவர் எங்கள ஒரு பார்வ பாத்துட்டு "இன்னைக்கு வேணாம்"னு தலைய ஆட்டிட்டாரு, காரணமும் சொல்லல. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. இனிமே வேண்டாம்க்கான்னு சொல்லிட்டேன். அக்கா விடல. லைன்அப்ப, அதாவது அன்னைக்கு வாசிக்கறவங்க பட்டியல, போன்ல காட்டி, "இஞ்ச பாரும், பேருக்குப் பக்கத்தில லைவ் எண்டு போட்டிருக்கு, இது உமக்குப் பிடிக்கும். பிடிக்காட்டி ஒரு மணித்தியாலத்தில வீட்ட வந்திடலாம்"னாங்க.

அந்த "லைவ்"ங்கற ஒரு வார்த்தைய பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எனக்கு இது தெரியாம தான் இத்தன நாள் போச்சு. பெர்லின்ல கிளப் லைன்அப்ல சும்மா பேர் மட்டும் இருந்தா அவர் டிஜே, ஏற்கனவே வந்த ரெக்கார்டுகள எடுத்து ஒண்ணோட ஒண்ணு கோத்து கொண்டு போவாரு. பேருக்கு பக்கத்துல லைவ்னு இருந்தா அவங்க சொந்த மியூசிக்க அங்கயே, அந்த நிமிஷத்துல, மெஷின வெச்சு வாசிக்கறாங்கன்னு அர்த்தம். டிரம் மெஷின், ஸ்வரங்கள வரிசையா திரும்ப திரும்ப ஓட்டற சீக்வென்சர், சத்தத்த உருவாக்கற சின்தசைசர், எல்லாத்தையும் கலக்கற மிக்சர், சில பேர் வயர் வயரா தொங்கற மாடுலர் பெட்டி. பொதுவா டிஜே செட் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல போகும், லைவ் பெரும்பாலும் ஒரு மணி நேரம் தான், ஏன்னா கை ஓயாது. டிஜேய குறைச்சு சொல்றேன்னு நெனைக்காதீங்க, அதுவும் பெரிய வேல தான். 2020ல ஜெர்மனியோட உச்ச வரி நீதிமன்றம் டெக்னோ ராத்திரியையும் கச்சேரியா எடுத்துக்கலாம், டிஜே கைல டர்ன்டேபிளும் (ரெக்கார்டு சுத்தற தட்டு) மிக்சரும் வாத்தியம் மாதிரி தான்னு சொல்லிருக்கு, அதனால டிக்கெட்டுக்கு 19 சதவீதம் வரிக்கு பதிலா 7 சதவீதம் கட்டினா போதும்னு ஆச்சு. எனக்கு அந்த தீர்ப்பு ரொம்ப பிடிச்சுது. ஆனா முதல் தடவ போறவங்களுக்கு, அதுவும் நம்ம மாதிரி கச்சேரி கேட்டு வளந்தவங்களுக்கு, லைவ்ல ஆரம்பிங்கன்னு தான் சொல்லுவேன்.

இடம் கோபெனிக்கர் ஷ்ட்ராஸ. யூ8 ட்ரெயின்ல ஹைன்ரிஷ் ஹைன ஷ்ட்ராஸ ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கற தூரம். வெள்ளி சனி ராத்திரி மெட்ரோ விடிய விடிய ஓடும், அதனால திரும்பி வர்றதுக்கு டாக்சிய பத்தி யோசிக்க வேண்டாம், பொண்ணுங்களுக்கு இது பெரிய நிம்மதி. கிழக்கு ஜெர்மனி காலத்துல அறுபதுகள்ல கட்டுன பெரிய மின் நிலையம் அது, வெளிய இருந்து பாத்தா கிளப் மாதிரியே இருக்காது, இருட்டுல ஒரு பெரிய கான்கிரீட் சுவர் மட்டும் தெரியும்.

ட்ரெசோர்னா ஜெர்மன்ல பணம் நகை வெக்கற பெட்டக அறை. பேருக்கு ஒரு கதை இருக்கு, போறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சா அந்த ரூம் உங்களுக்கு வேற மாதிரி தெரியும். வெர்ட்ஹைம்னு ஒரு யூதக் குடும்பம் லைப்சிகர் ஷ்ட்ராஸ பக்கம் பிரம்மாண்டமா ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்துனாங்க. நாஜி ஆட்சில அத அவங்க கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க, போர்ல கட்டடம் சேதமாச்சு, அம்பதுகள்ல மிச்சத்தையும் இடிச்சு தள்ளிட்டாங்க. தரைக்கு கீழ இருந்த பெட்டக அறை மட்டும் அப்படியே கிடந்துச்சு, மேல பெர்லின் சுவர் ஓரத்து வெறும் நிலம், யாரும் நடமாட முடியாத எடம். 1989ல சுவர் விழுந்துச்சு, கிழக்கு பக்கம் எந்த கட்டடம் யாருக்கு சொந்தம்னே தெரியாம காலியா கிடந்த நேரத்துல, டிமித்ரி ஹெகெமானும் கூட இருந்தவங்களும் இந்த பாதாள அறைய கண்டுபிடிச்சு 1991 மார்ச்ல கிளப்பா திறந்தாங்க. துருப்பிடிச்ச லாக்கர் கதவுகளுக்கு நடுவுல கிழக்கு பசங்களும் மேற்கு பசங்களும் ஒண்ணா ஆடினாங்க. 2005ல அந்த நிலத்த வித்துட்டாங்க, மூட வேண்டியதாச்சு. 2007ல இந்த மின் நிலையத்துக்கு வந்தப்போ அந்த பழைய லாக்கர் கதவுகளையும் இரும்புக் கம்பிகளையும் கூடவே கொண்டு வந்துட்டாங்க. இப்பவும் கீழ போனா அதெல்லாம் இருக்கு. குடும்பத்து சொத்த பிடுங்கிட்டு போனவங்க போய்ட்டாங்க, கதவு மட்டும் நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருக்கு. நான் ஆடிட்டு இருந்தப்போ நடுவுல ஒரு தடவ அந்த கதவ பாத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டேன்.

இந்த கதையோட இன்னொரு இழை அமெரிக்கால டெட்ராய்ட் வரைக்கும் போகுது. ட்ரெசோர் கிளப்போட ரெக்கார்டு கம்பெனி (லேபிள்) போட்ட முதல் ரெக்கார்டு 1991ல வந்துச்சு, பண்ணினது அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்ங்கற டெட்ராய்ட் கூட்டம், ஜெஃப் மில்ஸ், மைக் பேங்க்ஸ், ராபர்ட் ஹூட். டெக்னோவ உருவாக்கினது டெட்ராய்ட்டோட கறுப்பின இளைஞர்கள் தான், கார் ஃபேக்டரிகள் மூடி நகரமே வெறிச்சோடிட்டு இருந்த நேரத்துல. இத பெர்லின்ல டெக்னோ கேக்கற பல பேர் மறந்துடறாங்க, அக்காவுக்கு அதுல ரொம்ப கோவம் உண்டு. 2024 மார்ச்ல பெர்லின் டெக்னோவ ஜெர்மனியோட பண்பாட்டு பாரம்பரிய பட்டியல்ல சேத்துருக்காங்க, சந்தோஷம் தான், ஆனா அந்த பேச்சு வர்றப்போ எல்லாம் டெட்ராய்ட் பேரும் சேந்து வரணும்னு அவங்க சொல்றது நியாயம் தான்னு எனக்கும் படுது.

சரி, வாசல். ஒரு மணிக்கு போனோம், நாப்பது நிமிஷம் லைன். அக்கா முன்னாடியே சொல்லி வெச்சாங்க, கூட்டமா போகாத, குடிச்சுட்டு சத்தமா பேசாத, யார் வாசிக்கறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ, கருப்பு டிரஸ் கட்டாயம் எல்லாம் இல்ல, ஆட வசதியா இருந்தா போதும். வாசல்ல எத்தன பேர்னு கேட்டாங்க, யாருக்காக வந்தீங்கன்னு கேட்டாங்க, அக்கா அன்னைக்கு லைவ் வாசிக்கறவங்க பேர சொன்னாங்க, உள்ள விட்டுட்டாங்க. போன் கேமரா மேல முன்னாடியும் பின்னாடியும் ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. உள்ள போட்டோ வீடியோ கிடையாது. இத பத்தி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். எங்க போனாலும் கை எல்லாம் மேல போன் பிடிச்சுட்டு நிக்கறத பாத்து பாத்து பழகின எனக்கு, முன்னூறு பேர் இருக்கற ரூம்ல ஒரு வெளிச்ச சதுரம் கூட இல்லாதது எப்படி இருக்கும்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. நான் எப்படி ஆடறேன்னு நாளைக்கு எங்கயும் வராது. என்ட்ரி, கோட் வெக்கற எடம், தண்ணி, ஆளுக்கு ரெண்டு பாட்டில் கிளப் மாட்டே (மாட்டே இலைல பண்ற காஃபீன் சோடா) எல்லாம் சேத்து ஒருத்தருக்கு முப்பது யூரோ சுமார் ஆச்சு. பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குவாங்க, திருப்பி குடுத்தா காசு வரும், தூக்கி போட்டுடாதீங்க. குடிக்காதவங்களுக்கு கிளப் மாட்டே தான் துணை, 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் காஃபீன், அரை லிட்டர் பாட்டில், நம்ம ஊர் ஃபில்டர் காபி குடிக்கறவங்களுக்கு தூக்கமே வராது.

மேல குளோபுஸ்னு ஒரு ஃப்ளோர், அங்க ஹவுஸ் மியூசிக், வெளிச்சமும் இருக்கும், பேசலாம், முதல்ல அங்க ஒரு மணி நேரம் ஆடினோம், நல்லா தான் இருந்துச்சு. ஆனா நாங்க வந்தது கீழ் ரூமுக்கு. அதுக்கு போற வழி ஒரு நீள சுரங்கம், ஒரே இருட்டு, நடக்க நடக்க முதல்ல சத்தம் கேக்காது, கால் பாதத்துல தான் தெரியும். அப்புறம் நெஞ்சுல. அப்புறம் தான் காதுக்கு வருது. உள்ள புகை, எதிர்ல இருக்கறவங்க முகமே தெரியாது, ஸ்ட்ரோப் லைட் வெட்டி வெட்டி அடிக்கும், அந்த வெட்டுல மட்டும் ஒரு கை, ஒரு தோள், கம்பிக்கு பின்னாடி ஒரு தலை. வாசிக்கறவங்க இரும்புக் கம்பிகளுக்கு பின்னாடி தான் நிப்பாங்க. ஆஸ்துமா இருக்கறவங்க, வலிப்பு வர்றவங்க, இருட்டு நெருக்கடி ஒத்துக்காதவங்க இந்த ரூமுக்கு போக வேண்டாம், மேல குளோபுஸ்லயே இருங்க.

சவுண்ட பத்தி ஒண்ணு சொல்லணும். சீலிங் தாழ்வு, சுத்தி கான்கிரீட். கிக் டிரம்மோட (தாளத்துக்கு அடிப்படையா விழற கனமான அடி) அடி நாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம்னு வெச்சா ஒரு அலையே கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம், அது சுவர்ல மோதி திரும்பி வந்து தன் மேலயே விழும். அதனால ஒரு எடத்துல பேஸ் (தாழ்ந்த சத்தம்) வயித்த பிசையும், அஞ்சாறு அடி தள்ளி நின்னா காணாம போயிடும். மூடின ரூம்ல எங்கயும் இது உண்டு. முதல்ல நின்ன எடத்துலயே நின்னுட்டு "சவுண்ட் சரியில்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, கொஞ்சம் நடந்து பாருங்க. நாங்க இடது பக்க சுவர விட்டு நாலடி தள்ளி ஒரு எடம் பிடிச்சோம், அங்க ஹை ஹேட்டும் (டிரம்ஸோட சின்ன ஜால்ரா சத்தம்) தெளிவா கேட்டுச்சு, அடியும் முழுசா வந்துச்சு. காதுல பிளக் கட்டாயம் வெச்சுக்கோங்க, 85 டெசிபலுக்கு மேல ரொம்ப நேரம் கேட்டாலே காது கெட ஆரம்பிக்கும், கிளப்புங்க எல்லாம் அதுக்கு ரொம்ப மேல தான் ஓடும். நுரை பிளக் போட்டா மேல் ஸ்தாயி மங்கும், மியூசிஷியன் போடற ரப்பர் பிளக் இருபது யூரோக்குள்ள கெடைக்கும், அது எல்லாத்தையும் சமமா குறைக்கும், அது தான் நல்லது.

மூணு மணிக்கு லைவ் ஆரம்பிச்சுது. வாசிச்சவங்க பேர இங்க சொல்லல, ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். கம்பிக்கு இந்த பக்கம் ஒட்டி நின்னதால மேஜை தெரிஞ்சுது. ஒரு 909 ரக டிரம் மெஷின், ரெண்டு சின்ன சின்த், ஒரு மிக்சர், எதிரொலி குடுக்கற ஒரு ரிவெர்ப் பெட்டி. லேப்டாப் இல்ல. 909 ரோலண்ட் கம்பெனி 1983ல இருந்து ரெண்டு வருஷம் மட்டும் பண்ணின மெஷின், நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லன்னு வாங்க ஆள் இல்ல, செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கெடச்சதால தான் டெட்ராய்ட் சிகாகோ பசங்க கைக்கு போச்சு. அடில வரிசையா பதினாறு பட்டன், ஒரு பட்டன் ஒரு ஸ்டெப், எந்த பட்டன் எரியுதோ அங்க அடி விழும், ஓட ஓட மாத்தலாம். இத பாத்ததும் எனக்கு தனியா விளக்கமே தேவப்படல, தாளத்துல எண்ணற பதினாறு அட்சரம் கண்ணு முன்னாடி விளக்கு மாதிரி எரிஞ்சுட்டு இருக்கு.

முதல் இருபது நிமிஷம் நேர் நாலு நாலா போச்சு. அப்புறம் பேஸ் லைன் ஒண்ண உள்ள விட்டாங்க, ஏதோ இடிக்குதேன்னு இருந்துச்சு, கை தானா தொடைல போட ஆரம்பிச்சுடுச்சு, எண்ணி பாத்தா அது பன்னெண்டு ஸ்டெப். டிரம்ஸ் பதினாறுல சுத்துது, பேஸ் பன்னெண்டுல சுத்துது. நாப்பத்தெட்டுல, அதாவது மூணு பார் (பதினாறு ஸ்டெப் சேந்தா ஒரு பார்) கழிச்சு தான் ரெண்டும் ஒண்ணா தொடங்கும், அந்த வேகத்துல அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ. சுத்தி இருக்கறவங்க யாரும் எண்ணல, ஆனா சரியா அந்த எடத்துல எல்லா தோளும் ஒண்ணா இறங்குது! எங்க மிருதங்க சார் ஒரே கணக்க நூறு தடவ சொல்லி குடுத்தும் சமத்துல, அதாவது தாளம் தொடங்கற எடத்துல, விழுந்தா உடம்புக்கு தானா தெரியும்னு சொன்னது எனக்கு பன்னெண்டு வயசுல புரியல, இங்க இந்த புகைக்குள்ள புரிஞ்சுது.

நாலு மணிக்கு முன்னாடி அவங்க பேஸ்ல மூணு ஸ்டெப் கூட்டினாங்க. விரல் பட்டன் மேல போறத பாத்தேன், பதினஞ்சு ஆயிடுச்சு. பதினாறுக்கு பதினஞ்சுன்னா ஒவ்வொரு சுத்துலயும் ஒரு ஸ்டெப் நழுவும், திரும்ப சேர பதினஞ்சு பார் ஆகும், கிட்டத்தட்ட அரை நிமிஷம். உடனே கிக்க எடுத்துட்டாங்க. ரூம்ல அடியே இல்ல. மேல ஹை ஹேட் மட்டும், கீழ அந்த நழுவுற பேஸ், ரெண்டும் விலகி விலகி போகுது. கிக் போனா கூட்டம் நின்னுடும்னு நெனச்சேன், யாரும் நிக்கல, காத்துட்டே ஆடறாங்க. முதல் தடவ சேந்துச்சு, கிக் வரல. ஒரு ஆள் "ஆ"ன்னு கத்தினான், சிரிப்பு. இன்னொரு அரை நிமிஷம். நான் கண்ண மூடிட்டு எண்ணிட்டு இருக்கேன், பதிமூணு, பதினாலு, அக்கா என் மணிக்கட்ட பிடிச்சுட்டாங்க. சேந்த எடத்துல, சரியா அந்த ஒண்ணுல, கிக்கும் வந்து விழுந்துச்சு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தனி ஆவர்த்தனத்துல (மிருதங்கம் தனியா வாசிக்கற பகுதி) கடைசி கோர்வை முடிஞ்சு பாட்டோட எடுப்புல போய் சேர்ற எடத்துல எனக்கு வர்ற அதே சந்தோஷம், வேற ஊர், வேற சத்தம்.

இதுக்கு தான் லைவ்ங்கறேன். ரெக்கார்டுல இதே கணக்கு இருந்தாலும் எத்தன தடவ காக்க வெக்கணும்னு ரெக்கார்டுக்கு தெரியாது. முடிஞ்சு அவங்க தண்ணி குடிக்க பாருக்கு வந்தாங்க, அக்கா தான் என்ன தள்ளி விட்டாங்க, போய் கேட்டேன், ரெண்டாவது சுத்து முன்னாடியே யோசிச்சு வெச்சதான்னு. இல்ல, கிக்க முதல் தடவையே போட தான் கை போச்சு, ஆனா யாரும் நிக்கலன்னு பாத்தேன், இன்னொண்ணு தாங்கும்னு தோணுச்சுன்னாங்க. அவ்ளோதான் பேசினோம்.

பொண்ணுங்க கேப்பீங்க, பாதுகாப்பு எப்படின்னு. எனக்கு அஞ்சு மணி நேரத்துல ஒருத்தரும் தொந்தரவு குடுக்கல, இடிச்சா கூட தோள தொட்டு மன்னிப்பு கேட்டாங்க, தனியா கண்ண மூடி ஆடினாலும் யாரும் கிட்ட வந்து பேச்சு குடுக்கல. பொதுவான ஜாக்கிரதை எங்கயும் வேணும், கிளாஸ கீழ வெச்சுட்டு போகாதீங்க, கூட வந்தவங்களோட எங்க சந்திக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, கீழ் ரூம்ல போன் சிக்னல நம்ப முடியாது. ஷூ நல்லதா போடுங்க, டிரஸ் மெல்லிசா, உள்ள வேர்த்து கொட்டும், வெளிய வந்தா குளிர் அடிக்கும், அதனால கோட்ட மறக்காம வாங்கிட்டு வாங்க.

நேரம் இருந்தா சீக்கிரமே போங்கன்னும் சொல்லுவேன், ஏன்னா பெர்லின்ல கிளப்புங்க ஒண்ணொண்ணா மூடிட்டு வருது, 2002ல இருந்து ஆத்தோரமா இருந்த வாட்டர்கேட்ட 2024 கடைசியோட மூடிட்டாங்க, வாடகையும் செலவும் எல்லாரையும் அழுத்துது. ட்ரெசோர் முப்பது வருஷத்துக்கு மேல நிக்குது. என் மார்க் அஞ்சுக்கு அஞ்சு, லைவ் இருக்கற ராத்திரிக்கு.

ஆறு மணிக்கு வெளிய வந்தோம், வானம் சாம்பல் கலர்ல விடிஞ்சிருந்துச்சு. ட்ரெயின்ல அக்காவுக்கு அந்த கணக்க சொல்லி குடுத்தேன், அவங்க கைல பதினாறு போட நான் முழங்கால்ல பதினஞ்சு போட்டேன். ஹெர்மன்பிளாட்ஸ் வர்றதுக்குள்ள ரெண்டு தடவ சேந்துச்சு.